ஒரு விநாடியின் விலை

ஸான் பிரான்ஸிஸ்கோ விமான நிலையத்திலிருந்து நகரத்தை நோக்கி வடக்கே செல்லும் 101ஆம் எண் நெடுஞ்சாலையில் முதல் தடவையாகப் பிரயாணம் செய்கிறவர்கள், ஒரு புறம் வளைகுடா நீரின் பளபளப்பையும் மறுபுறம் கோடையில் புல் காய்ந்து பொன்னிறமாகிவிட்ட குன்றுகளையும் கண்டு களிப்பதுதான் வழக்கம். நானோ அந்த இரண்டையும் விட்டுவிட்டு, மடியில் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் வரிசையாக நின்ற விளம்பரப் பலகைகளுக்குப் பலகைக்கு ஒரு கோடாகக் கிழித்துக்கொண்டு வந்தேன். காரை ஓட்டிவந்த என் தங்கை மகன் இதைக் கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் கவனித்துவிட்டு, "ஏன் மாமா, இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்தது இதை எண்ணுவதற்கா?" என்று கேட்டான்.

"தொழில் புத்தி போகுமா, தம்பி?" என்றேன்.

"அப்படியானால் வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இவற்றில் எத்தனை நினைவிருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றான் அவன்.

அவன் வீட்டு மேஜையில், கையில் காபியுடன், அந்தப் பரீட்சைக்கு உட்பட்டேன். புத்தகத்தில் கோடுகள் நாற்பதைத் தாண்டியிருந்தன. நினைவில் நின்றவை இரண்டே. ஒன்று, ஏதோ ஒரு மென்பொருளின் பலகை. அதன் நிறம் நினைவிருந்ததே ஒழியப் பெயர் நினைவில்லை. மற்றொன்று பலகையே அல்ல. தென் ஸான் பிரான்ஸிஸ்கோ என்னும் ஊரை ஒட்டிய குன்றின் சரிவில், அது தொழில் நகரம் என்று உலகத்துக்கு அறிவிப்பதற்காக, அறுபது அடி உயரத்தில் சிமெண்டு எழுத்துக்களை 1929இல் பதித்து வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் எழுத்து எழுத்தாக என்னால் சொல்ல முடிந்தது. அந்த இடத்தில் முன்னே ஏதோ தடங்கலால் வண்டிகள் ஊர்ந்தன என்பதும், ஊர்ந்த நேரமெல்லாம் குன்று என் கண்ணெதிரே நின்றது என்பதும் அப்புறந்தான் ஞாபகத்துக்கு வந்தன. எண்ணப்பட்டது வேறு, காணப்பட்டது வேறு என்ற பாடத்தின் முதல் ஏடு அன்றே எனக்குத் திறந்துவிட்டது.

இந்தக் கணக்கில் எனக்கு ஏற்பட்ட சிரத்தைக்குக் காரணம் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் முப்பது வருஷம் உழைத்தவன் நான். அங்கே அளவுகோல் எளிது: இத்தனை பத்தி, இத்தனை சென்டிமீட்டர், இத்தனை ரூபாய், பின்னட்டைக்கு ஒரு விலை, நடுப்பக்கத்துக்கு ஒரு விலை, எத்தனை பிரதி விற்கிறது என்பதற்கு, நம் நாட்டில் 1948 முதல் பணியாற்றிவரும் ஏ.பி.சி. என்னும் தணிக்கை ஸ்தாபனத்தின் சான்று. வாங்கிய பிரதியை எத்தனை பேர் பிரித்தார்கள், பிரித்தவர்களில் எத்தனை பேர் பின்னட்டையைப் பார்த்தார்கள் என்று விளம்பரதாரரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நான் நடந்து திரிந்து பார்த்த சோழ நாட்டுக் கோயில்களுக்கு வழி, பஸ் வசதி, நடை திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைத் தொகுத்து ஓர் இணையதளம் தொடங்கினேன். கூகிளின் ஆட்சென்ஸ் என்னும் விளம்பரச் சேவை 2018 பிப்ரவரியில் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்ததும், மற்ற பலரைப் போல நானும் பக்கத்தில் விளம்பரப் பெட்டிகளுக்கு இடம் விட்டேன். வருமானம் சொற்பம், சொற்பத்தைப் பெருக்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உபாயம், பத்திரிகைக்காரனின் உபாயம்: இன்னும் கொஞ்சம் இடம் விடுவது. மூன்று பெட்டிகள் ஆறாயின. போதாதென்று, திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தை எவ்வளவு நகர்த்தினாலும் நகராத ஒரு பட்டையையும் சேர்த்தேன்.

அதன் பலன், நான் விமானம் ஏறுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒரு கடிதமாக வந்தது. வயதான தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கும்பகோணத்துப் பக்கம் போன ஓர் அன்பர், கோயில் எப்போது சாத்துவார்கள் என்று என் பக்கத்தைத் திறந்து பார்த்தாராம். காலை நேரம் தெரிந்தது, அதற்கு அடுத்த வரியை விளம்பரப் பட்டை மறைத்துக்கொண்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை மணி, நடை சாத்தியாகிவிட்டது. 'மாலை நான்கு மணி வரை அம்மாவை மண்டபத்தில் படுக்க வைத்திருந்தோம்' என்று எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அந்த மாதத்து வருமானப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்; அந்த அன்பரின் வருகையும் அதில் லாபமாகத்தான் பதிவாகியிருந்தது.

மறுநாள் காலையில் தங்கை மகன் என்னை நகரத்துக்குள் சௌத் பார்க் என்ற இடத்துக்கு அழைத்துப்போனான். 1850களில் ஜார்ஜ் கார்டன் என்ற ஆங்கிலேயர், லண்டன் நகரத்துச் சதுக்கங்களைப் பார்த்து அதே மாதிரி செல்வர்களுக்காக அமைத்த நீள்வட்டப் பூங்கா அது. செல்வர்கள் பிற்பாடு மேட்டுத் தெருக்களுக்குக் குடிபெயர்ந்துவிட, அச்சுக்கூடங்களும் பட்டறைகளும் நிறைந்த வட்டாரத்தின் நடுவே, ஒரு பழைய வெள்ளித் தாம்பாளம்போல அது மட்டும் மிஞ்சியது. இரண்டு பக்கமும் தாழ்ந்த வீடுகள், நடுவே மரங்கள், மரத்தடியில் மடியில் கணினி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இளைஞர்கள். இதை ஒட்டிய மூன்றாம் தெருவில்தான், 1993இல் தோன்றிய 'வயர்டு' பத்திரிகையின் அலுவலகம் இருந்தது. அதன் இணையப் பதிப்பான 'ஹாட்வயர்டு' 1994 அக்டோபர் 27 அன்று வெளிவந்தபோது, பக்கத்தின் தலையில் நீண்ட பட்டை வடிவமான விளம்பரங்களைத் தாங்கி வந்தது. பேனர் விளம்பரம் என்று இன்று உலகமெல்லாம் அழைக்கும் ஜாதியின் ஆதிபுருஷர்கள் அவை. நாள் குறிக்கும் கல்வெட்டு ஏதாவது உண்டா என்று தெருவின் இரு பக்கமும் நடந்து பார்த்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

அந்தப் பட்டைகளில் பேர் போனது ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசிக் கம்பெனியுடையது. கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லாமல், 'இந்த இடத்தில் எப்போதாவது அழுத்தியதுண்டா? அழுத்தத்தான் போகிறாய்' என்ற பொருளில் வண்ண எழுத்துக்களில் அது வாசகனைச் சீண்டியது. அழுத்தியவனை விற்பனைக் கூடத்துக்கு இழுத்துப் போகாமல், உலகத்துக் கலைக்கூடங்கள் சிலவற்றின் தரிசனத்துக்கு அழைத்துப்போயிற்று. பார்த்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் அழுத்தினார்கள் என்பது அந்தத் தொழிலின் புராணம் போன்ற கணக்கு. இன்றைக்கு ஒரு சாமானியப் பட்டை விளம்பரத்துக்கு அந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. புதுமை தீர்ந்தது ஒரு காரணம். பக்கத்தில் எந்த மூலையில் விளம்பரம் இருக்கும் என்பதை வாசகனின் கண் கற்றுக்கொண்டு, அந்த மூலையை மட்டும் தொடாமல் தாண்டிப்போகப் பழகிவிட்டது மற்றொரு காரணம்.

பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து, அழுத்தங்களை எண்ணியே நான் ஏமாந்த கதையைத் தங்கை மகனிடம் சொன்னேன். ஒரு சமயம், அடுத்த கோயிலுக்குப் போகும் பொத்தானுக்கு மிகவும் நெருக்கமாக ஒரு விளம்பரப் பெட்டியை வைத்தேன். அழுத்தங்கள் மடமடவென்று பெருகின. நான் மேதாவி என்று எண்ணிக்கொண்டேன். மாத முடிவில், விளம்பரம் அனுப்பிய நிறுவனம் அதில் பெரும் பகுதியைத் தவறுதலாக விழுந்த அழுத்தங்கள் என்று கழித்துவிட்டது. அவர்கள் கழித்ததில் பிழையில்லை. பொத்தானைத் தேடிய கட்டைவிரல் அரை அங்குலம் வழுக்கியதை வாசகரின் விருப்பம் என்று நான் எண்ணியதுதான் பிழை.

"அழுத்தத்தை விடுங்கள் மாமா, அதற்கு முன்னால் பார்வையை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி, அவன் என்னை நாலாம் தெருவில் இருக்கும் கால்டிரெயின் நிலையத்துக்கு அழைத்துப்போனான். 2024 முதல் மின்சாரத்தில் ஓடும் அந்த ரயில், ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து தெற்கே வளைகுடாவின் மேற்குக் கரையோடு இறங்கிச் செல்கிறது. நாங்கள் ஏறியது சில நிலையங்களில் மட்டும் நிற்கும் வேகவண்டி. ஸான் கார்லோஸ் என்னும் சிறு நிலையம் வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் போய்விட்டது. நடைமேடையில் ஒரு பலகை இருந்தது. அதில் ஒரு முகமும் சில எழுத்துக்களும் இருந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து ரெட்வுட் சிட்டியில் வண்டி நின்றபோது, எதிரே இருந்த பலகையைக் கீழ்க்கோடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகள் வரைக்கும் படித்து முடித்தேன். வண்டி கடந்த பலகையும் பலகைதான், நின்ற பலகையும் பலகைதான். இரண்டுக்கும் ஒரே கூலி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்விக்குத்தான் 2014இல் அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் ஒரு விதி செய்தது. ஒரு விளம்பரம் காணத்தக்கதாக இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதன் பரப்பில் பாதியாவது திரைக்குள் வந்து, ஒரு விநாடியாவது தொடர்ந்து நிற்க வேண்டும். 970க்கு 250 புள்ளி என்ற அளவிலும் அதற்கு மேலும் இருக்கும் பெரிய பட்டைகளுக்கு நூற்றுக்கு முப்பது பங்கு பரப்பே போதும். பாதிப் பரப்பு, ஒரு விநாடி: இந்தத் துலாக்கோல் எத்தனை தாராளமானது என்று, ஸான் கார்லோஸ் பலகையைப் பாதிக்கும் மேல் ஒரு விநாடி பார்த்தும் ஒன்றும் அறியாத எனக்குத் தெரியும். இவ்வளவு தாராளமான துலாக்கோலில் நிறுத்தும்கூட, அனுப்பப்பட்ட விளம்பரங்களில் நூற்றுக்கு 56 காணத்தக்கவையாகவே இருக்கவில்லை என்று அதே வருஷக் கடைசியில் கூகிள் வெளியிட்ட ஆய்வு சொல்லியது. என் பத்திரிகை புத்திக்குப் பெரிய அடி கொடுத்த விஷயம் அந்த ஆய்விலேயே இருந்தது: பக்கத்தின் உச்சியில் இருக்கும் இடம் எல்லாவற்றிலும் சிறந்ததல்ல, முதல் திரை முடியும் ஓரத்தை ஒட்டி, அதற்குச் சற்று மேலே இருக்கும் இடந்தான் அதிகம் காணப்படுகிறது. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. உச்சியில் இருக்கும் பெட்டிக்கு விளம்பரம் வந்து சேர்வதற்குள் வாசகன் தான் தேடிவந்ததை நோக்கி இறங்கிவிடுகிறான். இறங்கியவன் எங்கே நிற்கிறானோ, அதுதான் பின்னட்டை.

மீதி வழியில் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, தங்கை மகன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு பக்கத்தை மாதத்துக்குப் பதினாயிரம் தடவை திறக்கிறார்கள், வருமானம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் திறப்புக்கு 60 ரூபாய், தொழிலில் ஆர்.பி.எம். என்பது இதுதான். மூன்று பெட்டிகளை ஆறாக்கினேன், அது 78 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். லாபமென்று துள்ளத்தான் தோன்றும். "இப்போது ஒரு தடவை வந்தவர் எத்தனை பக்கம் பார்த்துவிட்டுப் போகிறார் என்று பாருங்கள்" என்றான் அவன். முன்பு சராசரியாக இரண்டு பக்கம் பார்த்தவர், நெரிசலில் சலித்து, ஒன்றும் பத்தில் நாலு பங்குமாகக் குறைத்துக்கொண்டால், ஆயிரம் வருகைக்கு முன்பு கிடைத்தது 120 ரூபாய். இப்போது கிடைப்பது 109. பக்கத்தைக் கொண்டு அளந்தால் ஏற்றம், மனிதரைக் கொண்டு அளந்தால் இறக்கம். அளவுகோலை எங்கே ஊன்றுவது என்பதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

விலை நிர்ணயமாகும் விதத்தையும் அவன் சொன்னான். பக்கம் திறக்கிற கண் இமைக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. முன்னெல்லாம் பல ஏலச் சந்தைகளில், அதிகம் கேட்டவர் தாம் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை, தமக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் தொகையை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்று இருந்தது. 2019இல் கூகிளின் விளம்பரச் சந்தையும், கேட்டவர் கேட்டதையே கொடுக்கும் முறைக்கு மாறிற்று. இன்ன விலைக்குக் குறைந்து என் இடத்தைத் தரமாட்டேன் என்று நாம் ஓர் அடிவிலை வைக்கலாம். அதிகமாக வைத்தால் பெட்டி காலியாகக் கிடக்கும், வைக்காமலே விட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும். காணப்படாத பெட்டிகளை நிறைய வைத்திருக்கும் தளத்தை ஏலம் கேட்பவர்களின் இயந்திரங்கள் நாளடைவில் தெரிந்துகொண்டு, நல்ல பெட்டிக்கும் சேர்த்தே குறைத்துக் கேட்கின்றன என்பதுதான் இதில் நான் எதிர்பாராத செய்தி. அழுகலை அடியில் வைத்து விற்பவனிடம் கூடையையே விலை குறைத்துக் கேட்கும் கோயம்பேட்டு வியாபாரியின் புத்திதான் அது.

மவுண்டன் வியூவில் இறங்கி, கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். மணிச்சட்டத்தில் தொடங்கி இணையம் வரையில், எண்ணும் கலையின் இரண்டாயிரம் வருஷத்தை அங்கே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முடிவுக்குச் சமீபத்தில், கூகிள் ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய கணினி அடுக்கு ஒன்று நிற்கிறது. தாய்ப்பலகைகள் உலோகத் தட்டைத் தொடாதிருக்க அடியில் தக்கை விரித்து அவசரமாகப் பூட்டிய அந்த அடுக்கைப் பார்ப்பவர்கள், உலகத்து விளம்பரப் பணத்தில் இவ்வளவு பெரிய பங்கு இதன் சந்ததியின் வழியாகப் பாய்கிறது என்று நம்பமாட்டார்கள். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதுவல்ல. 1890இல் அமெரிக்க ஜனத்தொகையை எண்ண ஹெர்மன் ஹாலரித் செய்த இயந்திரந்தான். ஆளுக்கு ஓர் அட்டை. வயதுக்கு, தொழிலுக்கு, பிறந்த இடத்துக்கு என்று அதில் துளைகள். அட்டையை வைத்து மேலிருந்து ஊசிகளை இறக்கினால், துளை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி கீழே பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் பாயும், எதிரே கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஒரு படி நகரும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். அந்த மனிதரைப் பற்றி அந்த விஷயம் கணக்கிலேயே இல்லை.

அந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றேன். என் தளத்து அட்டையில் திறப்புக்குத் துளை உண்டு, காட்சிக்கு உண்டு, அழுத்தத்துக்கு உண்டு, ஏன், ஒரு விநாடிப் பார்வைக்கும் உண்டு. மண்டபத்துக் கல்லில் படுத்திருந்த அந்தத் தாயாருக்குத் துளை இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் காரியத்தில் இறங்கினேன். வந்த வாசகர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும், மறுபாதிக்குப் புதிய பக்கத்தையும் நான்கு வாரம் காட்டினேன். இந்த மாதம் பழையது, அடுத்த மாதம் புதியது என்று வைத்தால் கணக்கு ஏமாற்றும். தீபாவளியை ஒட்டி விளம்பர விலை ஏறி, ஜனவரியில் இறங்குவது வருஷா வருஷம் நடப்பது, அந்த ஏற்றத்தை நம் சாமர்த்தியமாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. புதிய பக்கத்தில் அடிப் பட்டை இல்லை. பெட்டிகள் ஆறல்ல, மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியதால், விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளுவதில்லை. தாழ இருக்கும் பெட்டி, வாசகர் அதை நெருங்கும்போதுதான் விளம்பரத்தை வரவழைக்கிறது. உச்சியில் இருந்ததை எடுத்து, கோயிலுக்குப் போகும் வழியைப் படித்து முடிக்கும் இடத்தில், வாசகர் இயல்பாக நிற்கும் படியில் வைத்தேன்.

பக்கத்தைக் கொண்டு அளந்த வருமானம் குறைந்தது. வருகையைக் கொண்டு அளந்தது கொஞ்சம் உயர்ந்தது. பிரமாதமான உயர்வு என்று சொல்லமாட்டேன்; மூன்று பெட்டிகளை இழந்தும் நஷ்டமில்லை என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம். நடை திறந்திருக்கும் நேரத்துக்கு மேலும் கீழும் இப்போது ஒரு விரற்கடை வெள்ளை இடம் இருக்கிறது. அந்த இடத்தை நான் எந்த ஏலத்துக்கும் விடுவதில்லை.

கடிதம் எழுதிய அன்பருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, பக்கத்தைத் திருத்திவிட்டேன் என்று தெரிவித்தேன். பதில் வரவில்லை. அவர்கள் மறுபடி கும்பகோணம் போனார்களா, போனபோது என் பக்கத்தைத் திறந்தார்களா என்பதை, திறப்புகளையும் விநாடிகளையும் பைசா சுத்தமாகக் காட்டும் என் பட்டியல் எதுவும் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தில் 101ஆம் எண் சாலையின் கோடுகளுக்கு எதிர்ப்பக்கத்தில் அவர் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.